கைநாட்டும் மரபணுவும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

குற்றம் நிகழ்ந்த இடத்தில் கிடக்கும் ஒரு முடி, உலர்ந்த ஒரு துளிக் குருதி, தூக்கி எறியப்பட்ட ஒரு தேநீர்க் குவளை ஆகிய யாவும் இன்று நீதிமன்றத்தில் சாட்சி சொல்கின்றன. கண்ணால் கண்ட சாட்சி மறக்கலாம், அஞ்சலாம், விலைபோகலாம். மரபணு அவ்வாறு பிறழ்வதில்லை என்பர். ஆயின், அச்சான்றைத் தருவது மனித உடல். அவ்வுடலுக்கு உரியவரின் இசைவு, மானம், அந்தரங்கம் ஆகியவற்றை யார் காப்பது? நீதியின் தேவையும் தனிமனிதரின் உரிமையும் சந்திக்கும் இடத்தை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரு ரேகையின் கதை

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், திருத்தவத்துறை என்னும் பழம்பெயர் கொண்ட லால்குடியில், நிலம் விற்கவும் வாங்கவும் மக்கள் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு வருகின்றனர். வாழைத் தோப்பு கைமாறினாலும் நெல் விளையும் நஞ்சை கைமாறினாலும் ஆவணத்தில் விரல்ரேகை பதிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆவணத்தில் இடும் பெருவிரல் பதிவைக் ‘கைநாட்டு’ என்று நம் முன்னோர் அழைத்தனர். ‘இஃது என் சொல், இதற்கு நானே பொறுப்பு’ என்பதே அதன் பொருள்.

கைநாட்டு இடுபவர் தாம் எதில் ரேகை பதிக்கிறோம் என்பதை அறிவார். ஆவணத்தைப் படித்துக் காட்டச் சொல்லலாம். உடன்பாடில்லை எனில் கையை இழுத்துக்கொள்ளலாம். அந்த ரேகை அவர் இன்னார் என்பதை மட்டுமே சொல்லும். அவர் தந்தை யார், அவர் உடன்பிறந்தார்க்கு என்ன நோய் வரக்கூடும் என்பன போன்ற செய்திகள் அதில் இல்லை.

குற்றப் புலனாய்வுக்கு விரல்ரேகையை முறையாகப் பயன்படுத்தியதில் இந்தியாவுக்குத் தனியிடம் உண்டு. உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு 1897ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. கைதிகளின் ரேகைகளையும் உடல் அளவுகளையும் எடுப்பதற்கெனக் ‘கைதிகள் அடையாளச் சட்டம்’ 1920ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. விரலின் இடத்திற்கு இன்று உயிரணு வந்திருக்கிறது. ஒருவர் அறியாமலேயே விட்டுச் செல்லும் எச்சிலும் வியர்வையும் முடியும் அவருடைய கைநாட்டாக மாறிவிட்டன. அவர் ‘கையை இழுத்துக்கொள்ள’ இப்போது வழி உண்டா என்பதே நம்முன் உள்ள வினா.

மரபணு எவ்வாறு பேசுகிறது?

நம் உடலின் உயிரணுக்களில் முறுக்கிய நூலேணி போன்ற வடிவில் டி.என்.ஏ. இழை அமைந்துள்ளது. அதில் ஏறத்தாழ 300 கோடி வேதி இணைகள் வரிசையாக நிற்கின்றன. இவ்வரிசை மனிதர் அனைவரிடத்தும் 99.9 விழுக்காடு ஒன்றாகவே உள்ளது. எஞ்சியுள்ள மிகச் சிறு பகுதியே ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்துகிறது. அவ்வேறுபாடுகளுள் ஒருவகை, சிறுசிறு வரிசைகள் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருவதால் அமைகிறது. ஓரிடத்தில் ஒருவருக்கு ஒன்பது முறை திரும்பி வரும் வரிசை, மற்றொருவருக்குப் பன்னிரண்டு முறை திரும்பி வரலாம். இத்தகைய பல இடங்களை ஒருசேர அளந்து எண்களின் பட்டியலாக எழுதினால் அதுவே ஒருவரின் மரபணுப் பதிவு ஆகும். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரைத் தவிர, மற்ற எந்த இருவருக்கும் இப்பட்டியல் முழுமையாக ஒத்துப்போவது அரிதினும் அரிது.

1984ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்னும் அறிவியலாளர் இம்முறைக்கு அடித்தளம் அமைத்தார். அருகிலிருந்த சிற்றூர்ப் பகுதியில் 1983ஆம் ஆண்டிலும் 1986ஆம் ஆண்டிலும் பள்ளி மாணவியர் இருவர் கொல்லப்பட்டனர். பதினேழு வயது இளைஞர் ஒருவர் அவற்றுள் ஒரு கொலையைத் தாமே செய்ததாகக் காவலரிடம் ஒப்புக்கொண்டார். ஜெஃப்ரீஸ் மாதிரிகளை ஆராய்ந்தபோது, இரு கொலைகளையும் செய்தவர் ஒருவரே என்பதும் அவர் அந்த இளைஞர் அல்லர் என்பதும் தெரியவந்தன. குற்ற வழக்கில் மரபணு அறிவியல் முதன்முதலாக ஆற்றிய பெரும்பணி, உங்கள் வயதை ஒத்த ஒரு குற்றமற்றவரை விடுவித்ததே ஆகும். வாய்ச்சொல்லால் ஒப்புக்கொண்டதையும் உயிரணு மறுத்துப் பேசியது. பின்னர் அவ்வட்டாரத்து ஆண்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரிடம் மாதிரிகள் பெறப்பட்டன. உண்மைக் குற்றவாளி தமக்கு மாற்றாக வேறொருவரை அனுப்பி ஏமாற்ற முயன்று, அச்செய்தி வெளிப்பட்டதால் பிடிபட்டார்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் மரபணு அடையாள முறையை 1988ஆம் ஆண்டு உள்நாட்டிலேயே உருவாக்கியவர் அறிவியலாளர் லால்ஜி சிங். ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அவர் பணியாற்றினார். 1989ஆம் ஆண்டு கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில், ஒரு குழந்தையின் தந்தை யார் என்னும் வழக்கில் இச்சான்று ஏற்கப்பட்டது.

எளியோர்க்காகப் பேசிய சான்று

லால்குடியிலிருந்து கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து, திருச்சிராப்பள்ளி வழியாகத் தெற்கே சென்றால் புதுக்கோட்டை மாவட்டம் வரும். மரபணுச் சான்றின் வலிமையையும் அதன் வரம்பையும் நமக்கு உணர்த்தும் இருவேறு வழக்குகள் இம்மாவட்டத்து மண்ணில் எழுந்தவை.

முதல் வழக்கு விராலிமலை வட்டாரத்தில் இயங்கிய ஓர் ஆசிரமம் பற்றியது. புகலிடம் தேடி வந்த ஆதரவற்ற இளம்பெண்கள் அங்குக் கொடுமைக்கு உள்ளாயினர். ஆசிரமத் தலைவருக்குச் செல்வமும் செல்வாக்கும் நிறைந்திருந்தன. பெண்களுக்கோ தம் சொல்லைத் தவிர வேறு துணை இல்லை. 1994ஆம் ஆண்டு அங்கிருந்து வெளியேறிய பெண்களால் உண்மை வெளிவந்தது. கருவுற்ற ஒரு பெண்ணின் கருவுக்குத் தந்தை யார் என்பதை ஐதராபாத் மையத்தின் மரபணு ஆய்வு நிறுவியது. எதிர்த்தரப்பு வெளிநாட்டு வல்லுநர் ஒருவரைக் கொண்டு அவ்வாய்வை மறுக்க முயன்றது. இரு தரப்பையும் எடைபோட்ட புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம், 1997ஆம் ஆண்டு ஆசிரமத் தலைவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பை வழங்கிய நீதிபதி இரா. பானுமதி, பிற்காலத்தில் உச்சநீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தார். 2005ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமும் அத்தண்டனையை உறுதி செய்தது.

சொல்லுக்கு எதிராகச் சொல் நின்றிருந்தால், செல்வாக்குள்ள சொல்லே வென்றிருக்கக் கூடும். எளியோரின் சொல்லுக்கு அறிவியல் துணைநின்றது. மரபணுச் சான்றே வேண்டா என்று எவரும் எளிதில் கூறிவிட முடியாமைக்கு இவ்வழக்கே போதிய காரணமாகும்.

பொருந்தாத மாதிரிகள்

இரண்டாம் வழக்கு வேங்கைவயலைச் சார்ந்தது. 2022ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் இறுதியில், அவ்வூரில் பட்டியலின மக்களுக்குக் குடிநீர் வழங்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோய்வாய்ப்பட்ட பின்னரே அக்கொடுமை புலப்பட்டது. தமிழகம் நாணித் தலைகுனிந்த அந்நிகழ்வில் கண்ணால் கண்ட சாட்சி கிடைக்கவில்லை. வழக்கைக் குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை ஏற்றது. தொட்டியிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரியில் கிடைத்த டி.என்.ஏ.வுடன் ஒப்பிட, மக்களிடமிருந்து குருதி மாதிரிகள் கோரப்பட்டன.

மாதிரி தருமாறு அழைக்கப்பட்டவர்களுள் அந்நீரைக் குடித்து வந்தோரும் இருந்தனர். அவர்களுள் சிலர் மறுத்தனர். பாதிக்கப்பட்ட தங்களையே ஐயத்திற்கு உரியோராக நடத்துவது முறையா என்பது அவர்களின் கேள்வி. சிக்கல் நீதிமன்றத்தை அடைந்தது. 2023ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சிறப்பு நீதிமன்றத்தின் ஆணைப்படி மேலும் பலரிடம் மாதிரிகள் எடுக்கப்பட்டன. சிறார் சிலரும் அவர்களுள் அடங்குவர். முடிவில், ஏறத்தாழ முப்பது பேரின் மாதிரிகளுள் ஒன்றுகூடத் தொட்டியில் கிடைத்த மாதிரியுடன் பொருந்தவில்லை.

இதில் வியப்புக்கு இடமில்லை. டி.என்.ஏ. அழியாப் பொருள் அன்று. ஈரமும் வெப்பமும் நுண்ணுயிரிகளும் அதைத் துண்டுதுண்டாகச் சிதைக்கும். உலர்ந்த துணியில் பல்லாண்டு நிலைக்கும் சான்று, நீரில் சில நாள்களிலேயே சிதைந்துவிடலாம்.

அக்குற்றத்தைச் செய்தவர் யார் என்பது நீதிமன்றம் ஆராய்ந்து சொல்ல வேண்டியது. அது நம் பாடத்தின் பொருள் அன்று. நம் வினா வேறு. மாதிரி கொடுத்தவர்கள் வீடு திரும்பினர். அவர்களின் குருதியும் அதிலிருந்து எழுதப்பட்ட எண்களின் பட்டியலும் எங்கே சென்றன? அவை எத்தனை காலம் இருக்கும்? நாளை வேறொரு வழக்கில் அவற்றை எடுத்து ஒப்பிடலாமா? பொருந்தவில்லை என்று தெரிந்தபின் ‘என்னுடையதை அழித்துவிடுங்கள்’ என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா? இவ்வினாக்களுக்கு உரிய விடையைச் சட்டத்தில்தான் தேட வேண்டும்.

உடலும் உரிமையும்

குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு வற்புறுத்தலாகாது என்று நம் அரசமைப்பின் 20(3)ஆம் உறுப்பு கூறுகிறது. குருதி தருவது சாட்சி சொல்வது ஆகுமா? 1961ஆம் ஆண்டு பதினொரு நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, விரல்ரேகையும் கையெழுத்து மாதிரியும் தருவது ‘சாட்சி சொல்வது’ ஆகாது என்று விளக்கியது. ஒருவரின் மனத்தில் உள்ளதை வெளிப்படுத்துவதே சாட்சி. உடலின் இயல்பான அடையாளத்தைக் காட்டுவது அத்தகையது அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். குருதி மாதிரியையும் இவ்வழியிலேயே நீதிமன்றங்கள் நோக்கி வந்துள்ளன. 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில், உண்மை கண்டறியும் மருந்து, மூளை அலைப் பதிவு போன்ற சோதனைகளை ஒருவரின் இசைவின்றி நடத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் தடுத்தது. மனத்திற்குள் வலிந்து நுழைவதற்கு அன்று எல்லை வகுக்கப்பட்டது.

உடலுக்கு எல்லை இல்லையா? இதற்கான விடையின் தொடக்கம் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் வெளிவந்த புட்டசாமி வழக்கின் தீர்ப்பில் உள்ளது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அறிவித்தனர். அவ்வுரிமை எல்லையற்றது அன்று. அரசு அதில் தலையிடலாம். ஆனால், தலையிடுவதற்கு ஒரு சட்டம் வேண்டும். முறையான நோக்கம் வேண்டும். நோக்கத்திற்கு ஏற்ற அளவே தலையீடு இருத்தல் வேண்டும். வரம்பு மீறலைத் தடுக்கும் காப்புகளும் வேண்டும்.

இந்த அளவுகோலை மரபணுவின்மீது வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். விரல்ரேகை ஒருவரை மட்டுமே காட்டும். மரபணுவோ பெற்றோரையும் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் சேர்த்தே காட்டும். அடையாளம் காண அளக்கப்படும் எண்கள் நோயைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. எனினும், அவை எடுக்கப்பட்ட குருதி கண்ணாடிக் குப்பியில் எஞ்சி இருக்கும்வரை, அதிலிருந்து வேறு எதையும் படிக்க முடியும். எனவே பதிவை வைத்திருப்பது ஒன்று. குருதி மாதிரியையே வைத்திருப்பது மற்றொன்று.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970களிலும் 1980களிலும் தொடர் கொலைகள் செய்த ஒருவர் 2018ஆம் ஆண்டு பிடிபட்டார். அவர் தம் மரபணுவை எங்கும் பதிவு செய்ததில்லை. தம் முன்னோரை அறியும் ஆர்வத்தில் தூரத்து உறவினர்கள் ஓர் இணையத் தளத்தில் பதிந்திருந்த மரபணுத் தரவுகளின் வழியே காவல்துறை அவரை நெருங்கியது. குற்றவாளி பிடிபட்டது நன்றே. ஆயினும், ஒருவர் தரும் மாதிரி அவரை மட்டும் பதிவு செய்வதில்லை, அவருடைய சுற்றத்தையே பதிவு செய்கிறது என்பதை உலகம் அன்று உணர்ந்தது. கைநாட்டு ஒருவருடையது, மரபணுவோ குடும்பத்தினுடையது.

மாதிரியின் பயணம்

அறிவியல் பிழை செய்யாது. அதைக் கையாளும் மனிதர் பிழை செய்வர். ஜெர்மனியில் பல ஆண்டுகளாக ஏறத்தாழ நாற்பது குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. கொலை முதல் திருட்டுவரை அனைத்திலும் அவருடைய தடம். காவல்துறை அவரை நாடெங்கும் தேடியது. 2009ஆம் ஆண்டு உண்மை வெளிப்பட்டது. அது, மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் கையாண்ட ஒரு பெண்ணின் மரபணு! குற்றவாளி என்று ஒருவரும் இல்லாத இடத்தில் அறிவியலின் பெயரால் ஒருவர் படைக்கப்பட்டிருந்தார்.

நம் மாநிலத்திலும் ஒரு பாடம் உண்டு. தேனி மாவட்டத்தின் சுருளி அருவிப் பகுதியில் 2011ஆம் ஆண்டு இளம் இணையர் இருவர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. மரபணு மாதிரிகள் எடுக்கப்பட்டது முதல் ஆய்வகத்தை அடைந்தது வரை, அவை யாருடைய பொறுப்பில் எந்நிலையில் இருந்தன என்பதற்கு நம்பத்தக்க தொடர் பதிவு இல்லை என்பதும் அம்முடிவுக்கான காரணங்களுள் ஒன்று. ஓர் உயிர் தூக்குமேடைவரை சென்று திரும்பியது. கொல்லப்பட்டோரின் பெற்றோர்க்கோ, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் விடை கிடைக்கவில்லை. மாதிரியைக் கவனமின்றிக் கையாள்வது குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமன்றிப் பாதிக்கப்பட்டவருக்கும் இழைக்கும் அநீதி என்பதை இது காட்டுகிறது.

அத்தீர்ப்பிலேயே நாடு முழுமைக்கும் பொருந்தும் நெறிமுறைகளை உச்சநீதிமன்றம் வகுத்தது. அவற்றின் சுருக்கம் வருமாறு:

• மாதிரி எடுக்கும்போது வழக்கு எண், நாள், காவல் நிலையம், புலனாய்வு அலுவலர் ஆகிய விவரங்களைப் பதிந்து, மருத்துவர், அலுவலர், பொதுச் சாட்சிகள் ஆகியோர் கையொப்பமிட வேண்டும்.

• மாதிரி 48 மணி நேரத்திற்குள் தடய அறிவியல் ஆய்வகத்தை அடைய வேண்டும். காலந்தாழ்ந்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

• வழக்கு நிலுவையில் உள்ளபோது, விசாரணை நீதிமன்றத்தின் இசைவின்றி முத்திரையிட்ட உறையைத் திறக்கவோ மீண்டும் முத்திரையிடவோ கூடாது.

• மாதிரி கைமாறும் ஒவ்வொரு நிலையையும் காட்டும் பதிவேட்டை வழக்கின் முடிவுவரை பேண வேண்டும்.

லால்குடியில் நிலம் வாங்குவோர் அந்நிலம் முன்பு யார் யாரிடம் இருந்தது என்பதை வில்லங்கச் சான்று பெற்றுப் பார்ப்பர் அல்லவா? குருதிக் குப்பிக்கும் அத்தகைய சான்று வேண்டும் என்பதே இந்நெறிமுறைகளின் உட்பொருள்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இன்று நடைமுறையில் இருப்பது 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம். அது 2022 ஆகஸ்டு 4 முதல் நடைமுறைக்கு வந்தது. விரல்ரேகை, கருவிழிப் பதிவு ஆகியவற்றுடன் உயிரியல் மாதிரிகளும் அவற்றின் ஆய்வும் இச்சட்டத்துள் அடங்கும். பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றம், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம் ஆகியவற்றில் அல்லாமல் கைதானவர், உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். புலனாய்வுக்குத் தேவை எனில், எந்த ஒருவரையும் அளவுகள் தருமாறு நடுவர் ஆணையிடலாம். திரட்டிய பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் பேணும்.

இச்சட்டத்தில் அழிப்பதற்கும் விதி உண்டு. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ, குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றாலோ, மேல்முறையீட்டு வழிகள் அனைத்தும் முடிந்தபின் அவருடைய பதிவுகள் அழிக்கப்பட வேண்டும். வேறுவகையாக ஆணையிட விரும்பும் நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். விதி நல்லதே. ஆனால், கைது செய்யப்படாமலும் குற்றம் சாட்டப்படாமலும், புலனாய்வுக்கு உதவியாக மட்டும் குருதி கொடுத்தவர் இவ்வரிசையில் எங்கே நிற்கிறார்? விடுவிக்கப்படுவதற்கு அவர்மீது வழக்கே இல்லையே! குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் காப்பு, குற்றமே சாட்டப்படாதவருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை.

இக்குறையைத் தீர்க்க ஒரு முயற்சி நடந்தது. 2019ஆம் ஆண்டு சூலையில் மக்களவையில் டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்ட முன்வரைவு கொண்டுவரப்பட்டது. ஆய்வகங்களுக்கு ஏற்பளிக்க ஓர் ஒழுங்குமுறை வாரியம், தேசிய, மண்டலத் தரவு வங்கிகள், பதிவுகளை நீக்கும் முறை ஆகியவற்றை அது முன்மொழிந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. ஏற்கெனவே ஐயத்தோடு நோக்கப்படும் எளிய சமூகத்தினரே தரவு வங்கியில் மிகுதியாக இடம்பெறக்கூடும் என்னும் அச்சமும் அவ்வாய்வின்போது எழுப்பப்பட்டது. 2023 சூலை 24ஆம் நாள் அம்முன்வரைவு திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும், குற்றப் புலனாய்வுக்காகத் தரவைக் கையாள்வதற்கு அதன் விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. வேங்கைவயல் மக்களிடம் குருதி பெறப்பட்ட அதே ஆண்டில், அக்குருதிக்கு விடை சொல்லியிருக்கக்கூடிய முன்வரைவு அவையை விட்டு நீங்கியது.

இங்கிலாந்தும் இவ்வினாவைச் சந்தித்தது. குற்றம் நிறுவப்படாத இருவர், தம் மரபணுப் பதிவை அழிக்குமாறு கேட்டு வழக்குத் தொடுத்தனர். அவர்களுள் ஒருவர் கைதானபோது பதினொரு வயதுச் சிறுவர். தண்டிக்கப்படாதவர்களின் பதிவை வரையறையின்றி வைத்திருப்பது தனிவாழ்வுக்கான உரிமையை மீறுவதாகும் என 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டு, 17 இலட்சத்திற்கும் மேற்பட்ட பதிவுகள் நீக்கப்பட்டன. அதனால் அங்கு மரபணுப் புலனாய்வு நின்றுவிடவில்லை. அழிக்க வேண்டியதை அழித்துக்கொண்டே, காக்க வேண்டியதைக் காக்க இயலும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

நிறைவாக

விராலிமலை வழக்கு மரபணுச் சான்று ஏன் வேண்டும் என்பதைச் சொல்கிறது. சுருளி அருவி வழக்கு அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதைச் சொல்கிறது. அதை எப்போது விட்டுவிட வேண்டும் என்னும் வினாவை வேங்கைவயல் நம்முன் வைக்கிறது. முதல் இரண்டிற்கும் நீதிமன்றங்கள் விடை தந்துள்ளன. மூன்றாவதற்குத் தெளிவான சட்டமே விடையாக முடியும்.

அச்சட்டத்தில் இருக்க வேண்டியவை அரியன அல்ல. எதற்காக மாதிரி பெறப்படுகிறது என்பதைக் கொடுப்பவர்க்கு அவர் மொழியில் எழுதித் தருதல். பெற்ற நோக்கத்திற்கு அன்றி வேறு எதற்கும் பயன்படுத்தாமை. பொருந்தாத மாதிரியைக் குறித்த காலத்திற்குள் அழித்தல். அழித்த செய்தியை அவர்க்கு எழுத்தில் தெரிவித்தல். இந்நான்கும் புலனாய்வின் கையைக் கட்டுவன அல்ல. நாளை மற்றோர் ஊரில் குருதி கேட்கும்போது, மக்கள் அஞ்சாமல் கையை நீட்டச் செய்வன இவையே.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கைநாட்டு இட்டவர், வேலை முடிந்ததும் தம் ஆவணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு செல்கிறார். குருதி கொடுத்தவர்க்கும் அவ்வாறு கையில் ஒரு தாள் கிடைக்க வேண்டும். ‘உம்முடையது பொருந்தவில்லை, அதனை அழித்துவிட்டோம்’ என்னும் ஒற்றை வரியே அதில் போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஒரு குற்றத்தின் புலனாய்விற்காக, குற்றம் சாட்டப்படாத அனைவரிடமும் குருதி மாதிரி கேட்கப்படுகிறது எனக் கொள்க. தர வேண்டும், தர வேண்டியதில்லை என இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நடத்துக.

2. மாதிரி கொடுப்பவர்க்குக் காவல்துறை வழங்க வேண்டிய இசைவுப் படிவம் ஒன்றை எளிய தமிழில் உருவாக்குக. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டுப் புரிந்துகொள்ளும் வகையில் அமைக்க.

3. ஒரே நாளில் நீங்கள் எங்கெங்கு விரல்ரேகை, கருவிழி, முகப்படம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறீர்கள் எனப் பட்டியலிட்டு, அவற்றுள் எவற்றுக்கு உங்களிடம் இசைவு கேட்கப்பட்டது என்பதை எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்த ஆண்டு
அ) 1961 ஆ) 2010 இ) 2017 ஈ) 2023

2. பொருந்தாத இணையைத் தெரிவு செய்க.
அ) கல்கத்தா – விரல்ரேகைப் பிரிவு ஆ) லெஸ்டர் – அலெக் ஜெஃப்ரீஸ் இ) ஐதராபாத் – லால்ஜி சிங் ஈ) தலச்சேரி – பஞ்சுக் குச்சி

குறுவினா

1. ‘கைநாட்டு ஒருவருடையது, மரபணுவோ குடும்பத்தினுடையது’ – இத்தொடரை விளக்குக.

2. நீரில் கிடைக்கும் டி.என்.ஏ. மாதிரி விரைவில் சிதைவது ஏன்?

சிறுவினா

1. மரபணு மாதிரியைக் கையாள்வதற்கு உச்சநீதிமன்றம் 2025ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறைகளைத் தொகுத்துரைக்க.

2. குற்றம் சாட்டப்படாமல் மாதிரி கொடுத்தவர்க்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள இடர்ப்பாடு யாது?

நெடுவினா

1. மரபணுச் சான்றின் வலிமையையும் அதற்குத் தேவையான வரம்புகளையும் புதுக்கோட்டை மாவட்டத்து வழக்குகள் இரண்டின் துணையுடன் ஆராய்ந்து எழுதுக.